குச்சி கேட்டால் கொடுத்துவிடுங்கள்

மதுரை மல்லியின் நாற்று பெரும்பாலும் மதுரையில் பிறப்பதில்லை. பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள் நுழைந்தால் வருகிற தங்கச்சிமடம் பக்கத்து மணலில் பிறக்கிறது. கடல் சூழ்ந்த ஊர்தான். ஆனாலும் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கால் வைத்தால் புதைகிற மணல், எந்நேரமும் ஈரம் சுமந்து வருகிற காற்று. வேர் இல்லாத ஒரு குச்சி உயிர் பிடிக்க வேண்டியது இவ்வளவுதான். அங்கே மல்லிக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, வேர்விட்டதும் பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுகள் திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கி, வளர்ந்து, மொட்டு வைத்து, விடிகாலையில் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வந்து சேரும்போதுதான் ‘மதுரை மல்லி’ என்று பேர் வாங்குகின்றன. 2013-இல் அந்தப் பேருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பிறந்த ஊர் ஒன்று, பேர் வாங்கிய ஊர் ஒன்று. பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்து, மூன்று தலைமுறையாக ‘நாங்க மதுரைக்காரங்க’ என்று மார்தட்டுகிற எங்கள் குடும்பத்துக்கு இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

நாற்று ஏன் குச்சியிலிருந்து வருகிறது என்று என் பேத்தி ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் பள்ளியில் அவரை விதையும் பயறும் முளைக்க வைத்துக் காட்டியிருந்தார்கள். குண்டுமல்லியில் விதை பிடிப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். பூக்கும், மணக்கும், வாடும், உதிரும். அவ்வளவோடு அதன் கதை முடிந்தது. யாராவது ஒரு கிளையை மண்ணுக்குள் வைத்தால்தான் அடுத்த செடி. அப்படியானால் இன்று உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிற செடி, யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் கேட்டு வாங்கிய கிளையின் கிளையின் கிளை. எத்தனை நூறு வருடம் பின்னால் போனாலும் அந்த வரிசையில் விதை என்று ஒன்று எளிதில் தென்படாது. கைகள்தான் தென்படும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. விசேஷ வீட்டில் தாம்பூலத் தட்டைப் பாருங்கள். பூ, வெற்றிலை, வாழைப்பழம். சோழவந்தான் கொடிக்காலில் யாரும் விதை தூவி வெற்றிலை வளர்ப்பதில்லை. கொடியைக் கணு பார்த்து வெட்டித்தான் பதிக்கிறார்கள். வாழை பக்கக்கன்றிலிருந்து வருகிறது. மல்லி குச்சியிலிருந்து. மூன்றும் மனிதர் கொடுத்து மனிதர் வாங்கித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன. மங்கலம் என்று நம் முன்னோர் எதை எண்ணித் தட்டில் வைத்தார்களோ, நான் இப்படி எண்ணிக்கொள்கிறேன்.

என் அப்பத்தா திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். பள்ளிக்கூடம் போனதில்லை. பதியம் போடுவதை யாரிடம் கற்றாள் என்று கேட்டால், “செடிகிட்டத்தான்” என்பாள். உண்மைதான். மல்லி பாதி புதர், பாதி கொடி. முல்லையும் பிச்சியும் பந்தல் கண்டால் ஏறும். குண்டுமல்லிக்கு ஏறத் தெரியாது. கிளை நீண்டு, பாரம் தாங்காமல் சாய்ந்து தரையில் படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அப்படிப் படுத்த கிளையின் கணு ஈரமண்ணில் பட்டால் தானே வேர்விடும். களை பறிக்கும்போது அந்தக் கிளையை இழுத்துப் பார்த்தவர் எவரோ, அவர்தான் முதல் பதியக்காரர். நாம் செய்வதெல்லாம் செடி தற்செயலாகச் செய்வதை வேண்டுமென்றே செய்வது.

வீட்டில் எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் போல முற்றிய கிளையாக, தரைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பாருங்கள். பச்சைத் தண்டு அழுகும். ரொம்பக் கட்டை தட்டியது வளையாமல் ஒடியும். பென்சில் கனத்தில் பழுப்பேறத் தொடங்கியிருப்பதே சரி. ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை மட்டும் மோதிர அகலத்துக்குச் சுற்றிச் சீவி எடுங்கள். அல்லது அந்த இடத்தில் சாய்வாகப் பாதிக் கனம் வரை கீறி, கீறல் ஒட்டிக்கொள்ளாமல் ஒரு சின்னக் குச்சியைச் செருகுங்கள். அந்தப் பகுதியை வளைத்து நாலு விரற்கடைக்குக் குறையாத பள்ளத்தில் வைத்து மண் மூடி, மேலே ஒரு கல் வையுங்கள். நுனி வெளியே வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். மாடி வீட்டில் தரைக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், தாய்த்தொட்டிக்குப் பக்கத்தில் மண் நிரப்பிய இன்னொரு தொட்டியையோ பழைய பெயிண்ட் வாளியையோ வைத்து, கிளையை அதற்குள் வளைக்கலாம். மானாமதுரை மண்தொட்டி கிடைத்தால் நல்லது, சூடு ஏறாது. கிடைக்காவிட்டால் வாளியின் அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் எல்லாம் வீண்.

பட்டையைச் சீவினால் கிளை ஏன் காய்வதில்லை? வேர் உறிஞ்சுகிற தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைத்த உணவு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. நாம் இறங்குகிற வழியை மட்டும் அடைக்கிறோம். தாய்ச்செடி கொடுக்கும் தண்ணீர் கிளைக்குத் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும். கிளை சம்பாதித்ததோ தாய்க்குப் போக முடியாமல் காயத்தின் மேல்விளிம்பில் தேங்கும். கொழுந்தில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளும் அங்கேயே வந்து நிற்கும். இருட்டும் ஈரமும் காற்றோட்டமும் சேர்ந்தால் அந்த விளிம்பு தடித்து, வெள்ளை வெள்ளையாக வேர் வெடிக்கும். பொதுவாக 90 முதல் 120 நாள் ஆகும். தொப்புள்கொடி அறுபடாமலே பிள்ளை தனியாகச் சாப்பிடக் கற்றுக்கொள்கிற ஏற்பாடு இது.

வளர்ந்த பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைப்பது பற்றி எங்கள் தெருவில் பஞ்சாயத்து நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதியம்தான் ஞாபகத்துக்கு வரும். கல்யாணமான மறுமாதமே ‘இனி உன் பாடு’ என்று வெட்டிவிடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். நாற்பது வயது மகனுக்கு இன்னும் மின்கட்டணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாவது வாடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் இருக்கிற கெடுதலைச் சொன்னால் கோபம் வருகிறது. வேர் வந்த பிறகும் பிரிக்காத பதியம் சாகாது, நன்றாகவே இருக்கும். ஆனால் தாய் காயும் நாளில் அதற்கும் ஆட்டம் கண்டுவிடும், ஏனென்றால் தன் வேரைப் பெருக்க அதற்குத் தேவையே வந்திருக்காது. பிரிக்கிற முறையும் இருக்கிறது. ஒரே வெட்டில் வெட்டாமல், தாய்ப்பக்கம் இருக்கிற தண்டை முதலில் பாதி வெட்டி, ஒரு வாரம் விட்டு, கொழுந்து வாடவில்லை என்று தெரிந்த பிறகு மீதியை வெட்டுவார்கள். அந்த ஒரு வாரத்தைத்தான் குடும்பங்களில் யாரும் கொடுப்பதில்லை.

பதியத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள் நேராகக் குச்சி ஊன்றலாம். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டினாற்போல் சாய்வாக, மேல்வெட்டு நேராக. இது அழகுக்கு அல்ல. தலைகீழாக நட்ட குச்சி துளிர்க்காது. எது தலை எது கால் என்று பிறகு குழம்பாமல் இருக்க இந்த அடையாளம். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேலே இரண்டு இலையை மட்டும் பாதியாக நறுக்கி வையுங்கள். செம்மண், ஆற்றுமணல், மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்தால் போதும். மேல்வெட்டில் கொஞ்சம் பசுஞ்சாணம் அப்பினால் ஈரம் ஆவியாகாது. நாற்றங்கால்காரர்கள் வேரூக்கிப் பொடியில் தோய்த்து ஊன்றுவார்கள். கைபேசியில் தேன் தடவு, கற்றாழைச் சாறு தடவு, லவங்கப்பட்டைத் தூள் தடவு என்று தினம் ஒருவர் வந்து சொல்கிறார். தடவுங்கள், பரவாயில்லை. ஆனால் நிழலும் ஈரமும் சரியாக இல்லாவிட்டால் எதைத் தடவியும் பயனில்லை. நம் ஊரில் குச்சியைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு: மேற்கு வெயில், உப்புத்தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் அரிசி களைந்த நீரோ மழைநீரோ கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குச்சி ஊன்றிய சில வாரத்தில் கணுவில் பச்சையாக ஒரு துளிர் வரும். வீடே கொண்டாடும். “புடிச்சிருச்சு, புடிச்சிருச்சு” என்று படம் எடுத்து உறவுகளுக்கெல்லாம் அனுப்புவார்கள். அந்தத் துளிர் பொய். குச்சி தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்த சத்தைச் செலவழித்து விட்ட இலை அது. கீழே வேர் இன்னும் தொடங்கியே இருக்காது. இந்த நேரத்தில் வெயிலுக்கு நகர்த்தினால், உரம் போட்டால், ‘வேர் வந்திருக்கிறதா’ என்று மெல்ல இழுத்துப் பார்த்தால், பத்து நாளில் கருகும். கையிருப்பில் வாழ்வதை வருமானம் என்று நினைக்கிற தவறு. கடன் வாங்கிக் கடை திறந்து, திறப்புவிழாவுக்கே பாதிப் பணத்தைச் செலவழிக்கிற இளைஞர்களிடம் இதைச் சொன்னால் ‘பெரியம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் செடிதான்’ என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முதல் துளிருக்குப் பிறகு ஒரு மௌனமான காலம் வரும். இலை வளராது, புதுத்துளிர் வராது, செத்ததா இருக்கிறதா என்று தெரியாது. அப்போதுதான் கீழே வேலை நடக்கிறது. அந்தக் காலத்தில் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர நமக்கு எந்த வேலையும் இல்லை. வேலையில்லாமல் இருப்பது நம்மில் பலருக்குச் சிரமம்.

வேர் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகு இன்னொரு சோதனை. சின்னச் செடி அவசரப்பட்டு இரண்டு மொட்டு வைக்கும். அதைக் கிள்ளிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்குப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. “ஆசையா வச்ச மொட்டு, எப்படித்தா மனசு வருது?” என்று என் மாமியார் கேட்பார். ஆனால் முதல் மொட்டைக் கிள்ளிய செடிதான் பக்கவாட்டில் கிளைக்கும். அதன் பிறகு வருடா வருடம் கார்த்திகை வாக்கில் கவாத்து. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையையும் உருவிவிட்டால், மாசி பங்குனியில் மொட்டு கொட்டும். மார்கழி, தையில் பனிக்குச் செடி ஓய்ந்துவிடும்; சந்தையில் கிலோ ஆயிரங்களில் விற்பது அப்போதுதான். அந்தக் காலத்தில் பூ வேண்டும் என்று வீட்டுச் செடியைத் துன்புறுத்தாதீர்கள். ஒரு முழம் வாங்கிக்கொள்ளலாம், குடி முழுகாது.

பெங்களூரில் இருக்கிற என் மகள் இங்கிருந்து ஒரு பதியம் எடுத்துப் போனாள். செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. “அம்மா, இது மதுரை மண்ணை நினைச்சு ஏங்குது” என்றாள். செடி எதையும் நினைத்து ஏங்கவில்லை. அவள் பால்கனி வடக்குப் பார்த்தது. மல்லிக்குத் தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். மண்ணின் மகிமை, கைராசி, கண்ணேறு என்று நாம் சொல்கிற பல விஷயங்களுக்குப் பின்னால் ஒரு வடக்குப் பார்த்த பால்கனி இருக்கிறது. வெயில் விழும் மொட்டைமாடிக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

இனி கொடுப்பது பற்றி. ஐரோப்பாவில் ஒரு கதை வழங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கோவாவிலிருந்து அடுக்கு இதழ் கொண்ட ஒரு குண்டுமல்லி இத்தாலியின் பீசா நகருக்குப் போய்ச் சேர்ந்தது. டஸ்கனி நாட்டை அப்போது ஆண்டவர் மூன்றாம் கோசிமோ என்ற பெருங்கோமகன். தன் தோட்டத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் செடி இருக்கக் கூடாது, ஒரு குச்சிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். தோட்டக்காரன் ஒருவன், தான் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணுக்குப் பூங்கொத்தில் ஒரு கிளையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டான். அவள் அதைப் பூச்சாடியில் வாடவிடாமல் மண்ணில் ஊன்றினாள். அது பிடித்தது. கன்றுகள் விற்ற காசில் கல்யாணம் நடந்தது என்று கதை முடிகிறது. கதையில் எவ்வளவு நிஜமோ, அந்த ரகத்துக்கு இன்றைக்கும் உலகத்து நாற்றங்கால்களில் ‘டஸ்கனியின் பெருங்கோமகன்’ என்றுதான் பேர். கொடுக்க மாட்டேன் என்றவரின் பேர் ஒட்டிக்கொண்டது, கொடுத்தவனின் பேர் யாருக்கும் தெரியவில்லை. உலகம் பல நேரம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதற்காகக் கோமகனின் பக்கம் சாய வேண்டியதில்லை. இதே குண்டுமல்லி இனம்தான் சம்பகீட்டா என்ற பேரில் 1934 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர், இந்தோனேசியாவிலும் தேசிய மலர்களில் ஒன்று. பூட்டி வைத்திருந்தால் அத்தனை தூரம் போயிருக்குமா?

நம் தெருக்களில் கோமகன்கள் இல்லையென்று சொல்ல முடியாது. ‘செடி கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடும்’, ‘கொடுத்த செடி பட்டுப்போகும்’ என்பவர்கள் உண்டு. கேட்டு வாங்கியது வளராது, கேட்காமல் ஒடித்துக்கொண்டு போனதுதான் வளரும் என்று ஒரு வசதியான நம்பிக்கையும் உலவுகிறது. திருட்டுக்குச் சாஸ்திரம் கண்டுபிடித்த ஊர் நம்முடையது! விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடாதே என்பதை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன். இருட்டில் பாம்பு தெரியாது.

புவிசார் குறியீடு வந்த பிறகு இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. ‘மதுரை மல்லியை வெளியூருக்குக் கொடுக்கக் கூடாது’ என்று ஒருவர் டீக்கடையில் முழங்கினார். சட்டம் காப்பது பேரை. வேறு ஊர்ப் பூவை இந்தப் பேரில் விற்காதே என்பதுதான் அதன் பொருள். இந்த மண்ணில் இந்த வெயிலில் விளைந்த கனத்த இதழுக்கும் மணத்துக்கும் உழவருக்கு உரிய விலை கிடைக்க அது தேவை, நான் எதிர்க்கவில்லை. ஆனால் குச்சியைப் பூட்டி வைக்கச் சட்டம் சொல்லவில்லை. தங்கச்சிமடத்துக்காரர்கள் அப்படி நினைத்திருந்தால் மதுரைக்கு ஏது மல்லி?

கொடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். எல்லாச் செடியும் ஒரே உடம்பின் துண்டுகள் என்பதால் நல்லது எப்படிப் போகிறதோ அப்படியே நோயும் போகும். வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. அந்தக் கன்றை யாருக்கும் தராமல், எருக்குழியிலும் போடாமல் எரித்துவிடுங்கள். மொட்டு ஊதா நிறமாகி உதிர்கிற செடியிலிருந்தும், இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிற செடியிலிருந்தும் கிளை எடுக்காதீர்கள். பார்த்த குறையை மறைத்துக் கொடுப்பதைவிட இல்லை என்று சொல்வது மேல். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு தாய்ச்செடியிலிருந்து வருடம் மூன்று நான்கு பதியம் எடுக்கலாம். செடிக்குக் கேடு வராது. நீண்டு படுத்த கிளைகள் குறைவதால் அது கட்டுக்கோப்பாகவே நிற்கும்.

இன்னொரு லாபத்தை வயதானவள் என்பதால் சொல்கிறேன். போன வருடக் கோடையில் எங்கள் வீட்டுத் தாய்ச்செடி வேரழுகல் கண்டு மொத்தமாகப் போயிற்று. வருத்தம்தான். ஆனால் விளாங்குடியில் எங்கள் தெருவிலேயே அதன் கிளைகள் நாலைந்து வீட்டில் நிற்கின்றன. எதிர்வீட்டு மருமகளிடம், “உன் செடியில ஒரு குச்சி குடுத்தா” என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. “அத்தை, உங்க செடிதானே” என்றாள். கொடுத்து வைத்தவள் என்று சொல்வார்களே, அதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆவணி பிறந்திருக்கும். ஆடிக்காற்று அடங்கிவிட்டது, வடகிழக்கு மழை இனிமேல்தான். பதியத்துக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. இப்போது வளைத்தால் மார்கழிக்குள் பிரித்துவிடலாம். ஒரு கிளை வளைக்க உட்காரும்போது கூடவே இன்னொன்றையும் வளைத்துவிடுங்கள். உங்களிடம் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர் அடுத்த வீட்டில் இருக்கிறார்.